ஆணையைத் தின்ற கட்டியக்காரர்

1

இந்தக் கதை எடின்பரோவின் சந்தைத் தூணடியில் கிடைத்தது. சிங்கம் தைத்த மேலங்கியோடு அரசரின் கட்டியக்காரர் ஒருவர் மழையில் நின்று அரசாணை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மீன்காரர் என் காதைக் கடித்தார்.

“அந்தக் காலத்துல இந்த ஆளை அறைஞ்சா, ராஜாவையே அறைஞ்ச கணக்கு.”

“யாராவது அறைஞ்சிருக்காங்களா?”

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

‘பனி கொட்டிய ஒரு காலையில், களைத்த குதிரையின் மூச்சு...’

வேண்டாம். குதிரையை விட்டு ஆளிடம் போவோம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இளநிலைக் கட்டியக்காரர், நினியன். எல்லைப்புறப் பிரபு மங்கோ, எல்ஸ்பெத் என்ற விதவையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் அரசர் பிறப்பித்த ஆணையை நினியன் அவனூர்ச் சந்தையில் வாசித்து மூன்று முறை கொம்பு ஊதினால் அவன் ராஜத்துரோகி. ஊதாவிட்டால் மாடுகள் போனது போனதுதான்.

(நினியனை முதலில் மாவீரனாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்போது வழியில் இரண்டு முறை குதிரையைத் திருப்பிவிட்டு மறுபடியும் வருகிறார்.)

3

சந்தையில் மங்கோ நினியனின் கொம்பைப் பிடுங்கி மிதித்து நொறுக்கினான். ஆணையை அவர் வாயருகே நீட்டினான்.

“தின்னுய்யா. அப்புறம் நீ எதை வாசிக்கிறேன்னு பார்ப்போம்.”

சுற்றிலும் வாள்கள். நினியன் தின்றார். முத்திரை மெழுகு பல்லில் ஒட்டியது. அடியாட்கள் சிரித்தார்கள்.

இங்கே என் பேனாவும் நின்றது. பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: முடிசூட்டு நாளில் அரசரின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொன்ன பாணர்களின் வழிவந்ததே இந்தப் பதவி என்பார்கள். அவர்களுக்கு ஏது காகிதம்?

நினியன் வாயைத் துடைத்தார். கண்ணை மூடி, முதல் எழுத்திலிருந்து ஆணையைச் சொல்லத் தொடங்கினார். மங்கோ வாளைப் பாதி உருவினான்.

“வெட்டுங்க பிரபு. இந்தச் சிங்க அங்கி மேல விழுற வெட்டு ராஜா மேல விழுறது. உங்க ஆளுங்களுக்கும் தெரியும்.”

தெரிந்திருந்தது. ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அவர் கடைசிச் சொல் வரை சொல்லி முடித்தார்.

எல்ஸ்பெத் கூட்டத்தை விலக்கி வந்து, இடுப்பில் செருகியிருந்த மாடு கூப்பிடும் கொம்பை நீட்டினாள்.

“எந்தக் கொம்புன்னு சட்டத்துல இருக்கா ஐயா?”

“இல்லம்மா.”

மூன்று முறை ஊதினார்.

4

மங்கோ ஓடுவதாக ஒரு முடிவு எழுதினேன். மண்டியிடுவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் மூன்றாம் முழக்கம் ஓயுமுன் மேட்டுக்கு அப்பால் ஒரு பசு ‘அம்மா’ என்று பதில் கொடுத்தது. அடுத்து இன்னொன்று. பிறகு மந்தை முழுவதும்.

மங்கோவின் மாட்டுப் பட்டியைத் திறந்துவிட்டது அவனுடைய ஆட்களில் யார்? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாடுகள் தெருவுக்குள் வந்துவிட்டன. நான் வழிவிட வேண்டும்.