தவமலர் கோட்டைக்குள் போன நாள்

தவமலர் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்புப் பக்கம் ஒரு தையல் ஆலையில் நீண்ட காலம் இருந்துவிட்டு, முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குத் தரம் பார்க்கும் மேலாளராக வந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, தனி ஆள். அவிநாசியில் பூவாத்தாள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கீழே பூவாத்தாளும் அவள் கணவர் லிங்கசாமியும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்துக் கொடுக்கும் தொழில் செய்தார்கள்.

தவமலர் பேசும் தமிழைக் கேட்க பூவாத்தாளுக்கு ஆசை. "போகோணும்", "வரோணும்" என்று அவள் சொல்லும்போது, "இதென்னங்க, எங்கூருப் பேச்சாட்டமே இருக்குது" என்று சந்தோஷப்படுவாள்.

2008 ஆகஸ்ட். ஆர்டர் குறைந்து, மின்வெட்டும் சேர்ந்துகொண்டதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை பூவாத்தாள் மாடிக்கு ஏறி வந்தாள்.

"அம்மிணி, நாளைக்குச் சங்ககிரிக் கோட்டைக்குப் போலாமுங்களா? ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் முடிஞ்சுதுங்க."

"நான் வரேல்லை அக்கா. கோட்டை ஒண்டும் பாக்க எனக்கு விருப்பமில்லை."

"ஏனுங்க இப்படிச் சொல்றீங்க? தீரன் சின்னமலையைத் தூக்குல போட்ட எடமுங்க அது. எங்கூட்டுக்காரரு கண்ணாலமான வருசத்துலிருந்து கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லீட்டே இருக்கறாரு. அந்த மிசினை உட்டு எந்திரிச்சாத்தானே?"

தவமலர் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத் திரும்பினாள். பூவாத்தாள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, புளி ஊறப்போடக் கீழே ஓடினாள். காலையில் புளிச்சோற்று வாசனை மாடிவரை வந்தபோது இனி மறுப்பது மரியாதையாக இராது என்று தவமலர் கிளம்பிவிட்டாள்.

சேலம் பஸ்ஸில் போய் இறங்கி, மலையடிவாரத்தில் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு ஏறினார்கள். வெயில் மந்தமாக இருந்தது. ஒரு வாசலைக் கடந்தால் இன்னொரு வாசல். பூவாத்தாள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, நிலைக்கல்லைத் தடவிப் பார்த்து, "எப்படீங்க தூக்கி வெச்சிருப்பாங்க" என்று வியந்தாள். தவமலர் கல்லைத் தொடவில்லை. தலையைக் குனிந்தபடி முன்னால் நடந்தாள்.

பாதி மலை ஏறியிருப்பார்கள். எங்கோ பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பாறை அதிர்ந்தது.

என்ன நடந்தது என்று பூவாத்தாளுக்குப் புரியவே இல்லை. தவமலர் அவள் கையைப் பிடித்து இழுத்து, வாசல் சுவரோரம் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாள். வளையல் இரண்டு உடைந்தன. புளிச்சோற்றுத் தூக்குவாளி உருண்டு போய் ஒரு புதரில் நின்றது.

"பாம்புங்களா? எங்கீங்க பாம்பு?" என்று பூவாத்தாள் அலறினாள்.

மேலே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். "என்னடா சிரிப்பு? உங்க சோலியப் பாத்துட்டுப் போங்கடா!" என்று பூவாத்தாள் படுத்தவாக்கிலேயே அவர்களை விரட்டிவிட்டு, தவமலரின் முதுகைத் தட்டினாள்.

"அம்மிணி, அது கல்லுக்குழியில வேட்டு வெக்கறதுங்க. ஞாயித்துக்கிழமையும் உட மாட்டீங்கறானுக. எந்திரிங்க. தண்ணி குடிங்க."

தவமலர் எழுந்து உட்கார்ந்தாள். பாட்டில் தண்ணீரில் பாதி சேலையில் கொட்டியது. மூடியைத் திருகி மூடிவிட்டுப் பேசினாள்.

"எங்கட ஊரிலயும் ஒரு கோட்டை இருக்கு அக்கா. கடற்கரையோட. எங்கட வீடு கொட்டடி எண்ட இடத்தில, கிட்டத்தான். சின்ன வயசில அப்பா என்னைச் சைக்கிளில வைச்சுப் பக்கத்தில இருக்கிற முனியப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு கேப்பன். பேந்து, வளந்தாப்பிறகு காட்டிறன் எண்டுவார். பிறகு சண்டை வந்திட்டுது. அதுக்குள்ள ஆமிக்காரர் இருந்தவை. அங்கயிருந்துதான் ஷெல் குண்டு வரும்."

பூவாத்தாள் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"ஒருநாள் அப்பா கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவர்."

சேலையில் கொட்டிய தண்ணீரைப் பிழிந்தாள்.

"போயரலாமுங்க அம்மிணி," என்றாள் பூவாத்தாள். "எனக்குக் கோட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தெரியாம இழுத்துட்டு வந்துட்டனுங்க."

தவமலர் வந்த வழியைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"இல்லை அக்கா. ஏறுவம். உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு நான் பாக்கோணும்."

அதற்குப் பிறகு அவள்தான் ஒன்றையும் விடவில்லை. தானியக் கிடங்கு என்று பலகையில் எழுதியிருந்த கட்டிடத்துக்குள் நுழைந்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, வவ்வால் நாற்றம். சுவரெல்லாம் காதலர்களின் பெயர்கள். கூரையில்லாத ஓர் அறையில் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரோ ஓட்டிவிட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உச்சியில் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு மதிலோரம் வந்தார்கள். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன. ஓட்டுக்கூரைகள், மாடிகள், தென்னைகள். ஒரு வாசலில் யாரோ துணி உலர்த்துவது நிறமாக மட்டும் தெரிந்தது; ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை.

"இங்கயிருந்து பாத்தால் ஆருடைய வீடு எண்டே தெரியாது என்ன அக்கா," என்றாள் தவமலர்.

பூவாத்தாள் யோசித்தாள். "கிட்ட வந்து பாத்திருந்தா அடிச்சிருக்க மாட்டாங்களோ என்னமோ?"

"தெரியேல்லை அக்கா."

காற்று நன்றாக வீசியது. தூக்கு நெளிந்திருந்தாலும் சோறு சிந்தவில்லை. இருவரும் மதில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தவமலர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது பூவாத்தாளின் முழங்கால் மக்கர் செய்தது. சரிவான பாறை ஒன்றைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. நான் இங்கயே குடியிருந்துக்கறனுங்க."

தவமலர் கீழே நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ. கீழ பாக்க வேண்டாம்." இவள் பின்பக்கமாக இறங்க, அவள் முனகிக்கொண்டே ஒவ்வோர் அடியாக வைத்தாள். சிரித்த பையன்களில் ஒருவன் வந்து தூக்கை வாங்கிக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். லிங்கசாமி மிஷினை நிறுத்தாமலேயே, "என்னத்தைப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"நீங்க வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் தைலத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

தவமலர் மாடிப்படியில் உட்கார்ந்து கொழும்பிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் இண்டைக்கு ஒரு கோட்டைக்குள்ள போனனான்."

அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தம் குறைந்தது. அம்மா கேட்டாள்:

"உள்ளுக்கு என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை அம்மா. ஆடு மேயுது."

"ஆடோ?"

"ஓம். குட்டியும் இருந்தது."

அம்மா மெல்லச் சிரித்தாள். பிறகு, "உன்ரை கொப்பருக்கு ஆட்டுப்பால் தேத்தண்ணி எண்டால் உயிர், தெரியுமே?" என்றாள். கிணற்றடிக்குப் பிறகு அம்மா அப்பாவைப் பற்றித் தானாகப் பேசியதே இல்லை. அந்தத் தேத்தண்ணிக்காக அவர் விடியப்புறமே எழும்பி எந்தெந்த வீட்டுப் படலையைத் தட்டினார் என்று இப்போது சொல்லத் தொடங்கினாள். தவமலர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் "ஓம்" கொட்டினாள்.