சுவரில் முட்டும் படிகள்

“கயித்தைக் கீழே வைடா,” என்றார் தம்பி. அவருடைய மகன் வைக்கவில்லை.

“வேற வழி இருந்தா சொல்லுங்கப்பா. மாடிப்படி எவ்வளவு குறுகல்னு தெரியாதா? அத்தையை நாற்காலியில உட்கார வச்சுக் கட்டித்தான் இறக்கணும்.”

எழுபது வயதிலும் அந்த வீட்டில் அவருக்குத் தம்பி என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிய அக்கா விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நல்ல கனத்த உடம்பு. ஆறு வருஷமாக மாடியறையை விட்டு இறங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “மூட்டை மாதிரி என்னைக் கட்டி இறக்கிடாதடா. படுத்தபடியே போகணும்.” சரி என்று தலையாட்டியிருந்தார். இப்போது அந்தத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். எதிரே அந்தச் சுவர். செங்கல் சூளை வைத்திருந்த தாத்தா தன் கையாலேயே கட்டிய வீடு. நூறு வருஷம் தாண்டியும் விரிசல் கிடையாது. கொளுத்தும் வெயிலிலும் உள்ளே வந்தால் பானைத் தண்ணீராகக் குளிரும். ஆனால் பூசாமல் விட்ட இந்தச் சுவரில் மட்டும் நாலடி இடைவெளியில் இரண்டு இடங்களில் செங்கற்கள் ஒன்றையொன்று கவ்வாமல், இணைப்புக்கு மேல் இணைப்பாக, மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டில் நின்றன. கட்டடக் கான்டிராக்டரான தம்பிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. வெளியே இன்னொரு கூத்து: முற்றத்திலிருந்து சமையலறையின் மொட்டைத்தளத்துக்கு ஏறும் அகலப் படிகள் வாசலே இல்லாத இதே சுவரில் வந்து முட்டி நிற்கும். “தாத்தா தூக்கக் கலக்கத்துல கட்டியிருக்காரு” என்று வீடே சிரிக்கும்.

ஒருமுறை சிமெண்ட் மூட்டையோடு சரிசெய்ய வந்தார். அக்கா அறை வாசலை மறித்துக்கொண்டாள். “அவரு தப்பா கட்டல. நமக்குப் புரியல, அவ்வளவுதான். கையை வச்சே, நடக்கிறதே வேற!” அந்த மூட்டை மாடிப்படிக்கு அடியில் இன்னும் கல்லாகிக் கிடக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. தூக்க வந்தவர்கள் மொட்டைத்தளத்தில் காத்திருந்தார்கள்.

“படியைப் பாருய்யா. கட்டிலோடயே இறங்கலாம்.”

தம்பி சட்டென்று எழுந்தார். சாவியை எடுத்து அந்த நேர்கோட்டில் குத்தினார். வீட்டில் வேறெங்கும் ஆணி இறங்காத காரை, இங்கே மாவாக உதிர்ந்தது. மேலே பட்டையாகப் பூசியிருந்ததைச் சுரண்டினால், வாசலுக்கு வைப்பது போல, சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு தேக்கு உத்தரம்.

“உளியை எடுத்துட்டு வா. ஓடு!”

உத்தரத்துக்கு அடியிலிருந்த முதல் செங்கல் அலுங்காமல் கையோடு வந்தது. அதன் அடிப்புறத்தில், ஈரக் களிமண்ணில் விரலால் எழுதிச் சுட்டிருந்தது: 1. அடுத்ததில் 2. திரும்ப அடுக்கவும் வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

“அடேயப்பா, தாத்தா!” என்றார் தம்பி. எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

ஒரு மணி நேரத்தில் வழி திறந்தது. அக்கா படுத்தபடியே, முகத்தில் வெயில் பட, அகலப் படிகளில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் மகன் சுவரில் திறந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சிமெண்ட் வாங்கிட்டு வரவாப்பா?”

“சுண்ணாம்பு வாங்கிட்டு வா.”

“கெட்டியா நிக்குமா?”

“எனக்கு இந்த வழி வேணுங்கிற வரைக்கும் நிக்கும்.”

தம்பி தரையில் உட்கார்ந்து, கடைசியாக வந்த நூற்றிருபதாம் எண் செங்கல்லைத் தேடி எடுத்து, துண்டால் துடைத்தார்.