நார்வேக்காரி

ரத்த மாதிரிக் குப்பிகள் இயந்திரத்தில் சுழன்று முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சஃப்ரீன் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். வேலையையும் சம்பளத்தையும் கொடுத்தால், அதே வேலைக்கு எந்த நாட்டில் எவ்வளவு என்று காட்டும் பக்கம் அது. லேப் டெக்னீஷியன், மாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நார்வேயில் ஒருத்தி அதை ஒரே நாளில் சம்பாதித்துவிடுகிறாளாம். டாக்காவில் ஒருத்திக்கு இதைவிடக் குறைவாம். மேலே பார்த்தால் அழுகை வந்தது, கீழே பார்த்தால் வெட்கமாக இருந்தது. நார்வேயிலும் ரத்தம் இதேபோலத்தானே உறையும்?

இன்று சம்பள உயர்வு நாள். செம்பூரில் இருக்கும் இந்தச் சின்ன லேபில் டாக்டர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். வாப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் இருபது ஆகலேன்னா வுட்டுரு புள்ள. தாராவியில நம்ம பட்டறை இருக்கு. பேக் தைக்குற கணக்க எழுதுனாப் போதும்." அவள் வேதியியல் படித்தது பைக்கணக்கு எழுத இல்லை. ஆனால் இருபது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது எப்படி?

சாப்பிடும்போது வந்தனாவிடம் கேட்டாள். மாட்டுங்காவிலிருந்து வரும் வந்தனா இங்கே எட்டு வருஷமாக இருக்கிறாள். நரம்பு தேடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க சஃப்ரீனுக்குப் பழக்கியவளே அவள்தான்.

"வந்தனாக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"என்னடி பீடிகை? கல்யாணமா?"

"ச்சே. ஒங்க சம்பளம் எவ்ளோக்கா?"

வந்தனாவின் ஸ்பூன் தயிர்சாதத்திலேயே நின்றது. "யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நேக்கு மட்டும் ஸ்பெஷலா போட்டுத் தராராம்."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த 'மட்டும்' என்ற நன்றியில்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

"பதினேழு," என்றாள் வந்தனா. "நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். அது தோன்றுவதற்குள், "பதினெட்டரை," என்று வந்துவிட்டது.

"அரே வா! அப்போ ஊசி கத்துண்டதுக்கு டியூஷன் ஃபீஸை எடு." வந்தனா சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது. "நோக்கு எப்படிடி ஜாஸ்தி?"

"சச்சீ, நெசமாவே தெரியலக்கா. நான் கேக்கக்கூட இல்ல."

"நானும்தான் கேக்கலை."

சஃப்ரீன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பக்கத்து ஸ்டூலைப் பார்க்காமல் உலகம் முழுக்கத் தேடியிருக்கிறாள். கேட்காவிட்டால் பட்டறை. தனக்கு மட்டும் கேட்டால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு இங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? வந்தனாவுக்கும் சேர்த்துக் கேட்டால் ரகசியத்தை உடைத்தது தெரிந்துவிடும். இருவர் வேலையும் போகலாம்.

"சஃப்ரீன், டாக்டர் புலா ரஹே ஹை," என்று ரிசப்ஷனிலிருந்து அழைப்பு வந்தது.

அவள் எழுந்தாள். வந்தனாவும் எழுந்தாள். கூட வருகிறாளா, வழிவிடுகிறாளா, தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். மேஜைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. "வாம்மா, கதவைச் சாத்திடு."

தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. சஃப்ரீன் உள்ளே ஒரு கால் வைத்து, அதை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். கதவு அவள் கையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அறையின் ஏசிக் குளிர் அவளைத் தாண்டி வெளியே, வந்தனா இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது.