வில்மோர் கடித்த ரப்பர்

வாருங்கள், வந்து இந்தப் பெண்ணின் விரல்களைப் பாருங்கள். இறந்து கிடக்கும் கணவனின் பற்களுக்கிடையே அவை எதையோ தேடுகின்றன. கடைவாய்ப் பல்லின் பின்னால் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் வாயை மூட முடியவில்லை. வாயை மூடாமல் பெட்டியை எப்படி மூடுவது? பாதிரியார் வெளியே காத்திருக்கிறார். இந்தச் சாவைக் கடலின் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர்களும் வெளியே காத்திருக்கிறார்கள். நீங்கள் உள்ளே வாருங்கள். ஒரு சாட்சியாவது இந்த அறைக்குள் நிற்கட்டும்.

அவள் பெயர் அர்லிண்டா. கிடப்பவன் வில்மோர், கடலடியில் மூழ்கிச் சிங்கி இறால் பிடிப்பவன். கராத்தாஸ்கா காயலின் கரையில் மிஸ்கிட்டோ இனத்து ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அதுதான் வேலை. கப்பல் அவனை ஐஸ் அறையில், இறால் வால்களுக்குப் பக்கத்தில் கிடத்திக் கொண்டுவந்தது. காலையிலிருந்து அவன் உடல் இளகி, பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டைத் தாங்கும் மரக்கால்களுக்கிடையே படுத்திருந்த பன்றி அந்த ஈரம் தாங்காமல் எழுந்து இடம் மாறியது. சொட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அர்லிண்டாவின் முதுகு விறைத்தது.

கடைசியில் ரப்பர் வந்துவிட்டது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவன் கடித்துத் துண்டித்தது. மூச்சு வராத வாய் ஒன்று, வரும் வரும் என்று நம்பிக் கடித்தது.

மீதிப் பகுதி, மூச்சுக் கருவியோடு, இளகிய விரல்களிலிருந்து நழுவி அவனருகில் கிடந்தது. சாகும்போது அவன் அந்த ரெகுலேட்டரை இறுகப் பற்றியிருந்தான். விறைத்த விரல்களைப் பிரிக்க இயலாததால், கப்பலில் காற்றுச் சிலிண்டரை மட்டும் கழற்றிக்கொண்டு ரெகுலேட்டரோடு அவனைக் கரைக்கு அனுப்பினார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் காற்று அப்படியே நெஞ்சுக்குள் இறங்கினால் நெஞ்சு கிழியும். அதை மூச்சுக்குத் தக்கபடி தணித்துத் தருவது இந்தக் கருவி. ஒரு முனையில் சிலிண்டரைக் கவ்வும் பித்தளைத் தலை. மறுமுனையில் வாயில் கடிக்கும் ரப்பர், அதன் பின்னால் ஒரு வட்டப்பெட்டி, பெட்டிக்குள் மெல்லிய சவ்வு. ஆண்டுதோறும் பிரித்து, உப்பைக் கழுவி, சவ்வை மாற்ற வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் விதி. கப்பலின் விதி வேறு. மக்கர் செய்தால் டீசலில் ஊறவை, தளத்தில் இரண்டு தட்டு தட்டு, சிலிண்டரில் மாட்டு. சீறினால் நல்லது, இறங்கு.

எல்லோரும் அந்தச் சீற்றத்தை நம்பினார்கள். வில்மோர் நம்பவில்லை. சிலிண்டர் திறந்திருக்கும்போது பாய்ந்து வரும் காற்று எல்லா ஓட்டையையும் மறைத்துவிடும் என்பான். வீட்டுக்கு வரும்போது தன் ரெகுலேட்டரையும் கொண்டுவருவான். பித்தளைத் தலையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ரப்பரில் இழுப்பான். கன்னம் இரண்டும் குழிந்து ஒட்டிக்கொண்டால் சிரிப்பான். "காத்து வரக்கூடாதுடி. வந்துச்சுன்னா, அந்த வழியா அங்க தண்ணி வரும்."

அதன் குழாயில் அவள் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள். கப்பலில் எல்லா ரெகுலேட்டர்களும் ஒரே பீப்பாயில் கிடக்கும். விடியலில் முதலில் கை விடுபவனுக்கு நல்லது கிடைக்கும். சிவப்பு நூலை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இப்போது அவள் குழாயைத் தடவினாள். சிவப்பு நூல் இல்லை. வட்டப்பெட்டியைச் சுற்றி ஒரு நீலத்துணி கட்டியிருந்தது.

நீலத்துணி அவள் தம்பி டெனிசியோவுடையது.

அவன் வாசற்படியில் நின்றிருந்தான். காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் துணியை உயர்த்திக் காட்டியதும் அவன் இருமினான். பிறகு, கேட்காமலே பேசினான்.

"சளி பிடிச்சிருந்துச்சுக்கா. என்னுது ரெண்டு தடவ தண்ணி குடிச்சுது. கேப்டன்கிட்ட சொன்னேன், அடுத்த டிரிப்புக்குப் பாக்கலாம்னாரு. அத்தான்தான் உன்னுத குடு, என்னுத எடுத்துக்கன்னாரு."

"அவரோடது இப்ப எங்க?"

"பீப்பாய்ல." அவன் தரையைப் பார்த்தான். "சாயங்காலம் கப்பல் கெளம்புது."

"நீ?"

"பேர் குடுத்துட்டேன்."

அந்த அறையில் அவள் முதன்முதலாக அஞ்சியது அப்போதுதான். இதுவரை இருந்தது துயரம். அது செத்தவனைச் சுற்றி நின்றது. இந்த அச்சமோ உயிரோடு நிற்கும் ஒருவனின் தொண்டையைச் சுற்றியது. சிவப்பு நூல் இப்போது உரிமையாளன் இல்லாதது. இன்று யார் கை முதலில் பீப்பாய்க்குள் போகிறதோ அவனுக்கு. இவன் எதிலும் முந்துகிறவன் இல்லை.

அப்போது கேப்டன் ஹெட்லி படியேறி வந்தார். கையில் காப்பித்தூளும் சர்க்கரையும். தொப்பியைக் கழற்றினார், பாதிரியாருக்குத் தலைவணங்கினார், வாசலில் கூடியிருந்த பெண்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். வில்மோர் வல்லவன், ஆனால் அன்று ஒரே பாறையில் அளவுக்கு மீறி எடுத்தான். லிவா மைரின் விடுவாளா?

அந்தப் பெயர் கேட்டதும் பெண்கள் தலையசைத்தார்கள். கடலுக்குள் வாழும் அந்தப் பெண் தன் இறால்களைத் திருடுபவனின் மூச்சைப் பிடித்துக்கொள்வாள் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அர்லிண்டாவுக்கும் தெரியும். அவளும் நம்பினாள். ஐயா, அந்த நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. கடலுக்கு அஞ்சுகிறவர்கள் கடலை மதிக்கிறார்கள். ஆனால் அந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு முதலாளி ஒளிந்துகொள்ளும்போது அதைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலாது.

கேப்டன் ரெகுலேட்டரைக் கண்டார். பிறகு மிகுந்த கனிவோடு, "உங்க வழக்கம் எனக்குத் தெரியும்மா. செத்தவன் சாமான் செத்தவனோட போகணும். பெட்டியில வச்சுருங்க. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

கால் துடுப்பு ஒன்று தொலைந்ததற்கு ஊரறியச் சண்டை போட்டவர் அவர். அவரே இன்று கேட்க மாட்டேன் என்கிறார். வழக்கம் என்னவோ உண்மைதான். இறந்தவனின் கருவியை வைத்துக்கொண்டால் அவன் ஆவி அதைத் தேடி வரும். அவனுடைய இறால் கொக்கி, தொப்பி, கத்தி எல்லாம் ஏற்கெனவே பெட்டியில் இருந்தன. இது ஒன்றுதான் பாக்கி.

அவள் ரெகுலேட்டரை எடுத்தாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். அவள் பித்தளைத் தலையைக் கட்டைவிரலால் அடைத்து, கிழிந்த ரப்பரைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"அத ஏம்மா வாயில வைக்கிற?" என்றார் கேப்டன்.

"அவரு வச்சிருந்தாருங்க."

இழுத்தாள். கன்னம் குழியவில்லை. காற்று வந்தது, எளிதாக, குளிர்ந்து, உப்பும் டீசலுமாக வந்தது. கிழிந்த கடிவாயில் கசிகிறதோ என்று உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி இழுத்தாள். வந்தது. நீலத்துணியை அவிழ்த்தாள். வட்டப்பெட்டி விளிம்பில் விரிசல். விரிசலைச் சைக்கிள் டியூப் ஒட்டு மூடியிருந்தது, பாதி மட்டும்.

"இங்க வாடா" என்று தம்பியை அழைத்தாள். "இழு."

"அக்கா, இது அவரோட..."

"இழுடா."

டெனிசியோ செத்தவனின் ரப்பரை வாயில் வைத்து இழுத்தான். அவன் கண்கள் மெல்ல விரிந்தன. வாயிலிருந்து அதை எடுக்க மறந்து நின்றான்.

கேப்டன் சிரித்தார். "கரையில நின்னு இழுத்தா காத்து வராம என்ன வரும்? உங்க அக்கா உன்ன மீனுன்னு நெனச்சிட்டா."

ஓரிருவர் சிரித்தார்கள். வாசலில் நின்ற மற்ற மூழ்குகாரர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவன் வந்து, கருவியை வாங்கி, தன் கட்டைவிரலை வைத்தான்.

பெட்டியை அது இல்லாமலே மூடினார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள், அவன் வருவான், கேட்டு வருவான் என்றார்கள். பாதிரியார் பாட்டை இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொண்டார். கல்லறைக்குப் போகும் வழி முழுவதும் ரெகுலேட்டர் அர்லிண்டாவின் மணிக்கட்டில் தொங்கியது. பித்தளை அவள் இடுப்பில் இடிக்கும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து தொடுவதுபோல் திரும்பிப் பார்த்தாள். மண் விழும் ஓசை கேட்டபோது ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டாள். தேடி வருவதானால் தன்னிடம் வரட்டும்; தம்பியிடம் போகவேண்டாம்.

வீடு திரும்பியபோது டெனிசியோ கூட வரவில்லை. யாரோ தேங்காய்ப்பால் விட்டு மசித்த வாழைப்பழக் கூழைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப் போனது. கதவோரத்து ஆணியில் ரெகுலேட்டரை மாட்டினாள். தளத்தின் ஈரம் இன்னும் உலரவில்லை. பலகை முனகும்போதெல்லாம் ஆணியைப் பார்த்தாள்.

கப்பலின் சங்கு ஊதியது. சற்றுப் பொறுத்து மறுபடி ஊதியது. அவளால் உட்கார முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு துறையைப் பார்த்தாள்.

துறைமேடையில் பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். அதைச் சுற்றி ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு குழாயை எடுத்தான், கட்டைவிரலை வைத்தான், இழுத்தான், பலகையில் போட்டான். போட்ட குவியல் உயர்ந்தது. அவர்களிடையே ஒருவன் இருமினான். அந்த இருமலை அவள் அறிவாள். அவன் கையில் சிவப்பு நூல் இருந்தது. அவன் அதைப் போடவுமில்லை, மாட்டவுமில்லை.

கப்பல் கிளம்பவில்லை. ஆனால் கூலி வராமல் அடுப்பு அணைந்த வீடுகளை அது அறியும். அவை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதையும் அறியும். சங்கு மறுபடி ஊதியது.

அந்த மேடையில் அவர்களைத் தனியே நிற்க விடாதீர்கள். சிங்கி இறால் பரிமாறும் மேசையில் அமருகிறவர்களே, அதை வாங்குகிறவர்களே, விற்கிறவர்களே, பிடித்தவன் எதில் மூச்சு விட்டான் என்று கேளுங்கள். விடை வரும்வரை தட்டைத் தொடாதீர்கள். விடை தெரியாது என்பார்கள். அப்போது இங்கே வாருங்கள். ஆணியில் அது தொங்குகிறது; அர்லிண்டா கதவை அடைப்பதில்லை. எடுங்கள். பித்தளையைக் கட்டைவிரலால் மூடுங்கள். அவன் கடித்த இடத்தில் உங்கள் பல்லை வைத்து, இழுங்கள்.