நான்காவது தகடு

“இந்தக் கப்பலுக்கு நீச்சல் மறந்துபோயி ஒன்பது வருஷமாச்சுங்க, யாரும் பக்கத்துல போயி ஆசை காட்டாதீங்க” என்பது அவருடைய முதல் நகைச்சுவை. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒன்பது வருடமாக, ஒரே இடத்தில் நின்று, ஒரே கையை நீட்டிச் சொல்லி வந்தது. அன்று காலை பத்து மணிக்கும் கையை நீட்டினார், வாய் திறந்தது, சொல் வரவில்லை. கப்பல் நின்ற கல் தொட்டியின் கடைசியில் இரண்டு பேர் மதகின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடல் ஒரு கம்பளம்போலச் சுருள் பிரிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவரை எல்லோரும் கதைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் இதே டாக்கில், கப்பல் பழுதுபார்க்கும் இந்தக் கல் தொட்டியில், வெல்டர். துறைமுகம் மூடி, கோதுமைக் கிடங்கு ஓவியக்கூடமாகி, உப்புக் கொட்டகையில் கச்சேரி நடக்க ஆரம்பித்து, துருப்பிடித்த கிரேனுக்குக்கூட விளக்கு மாலை போட்டபோது, இவருக்குக் கப்பலைச் சுற்றிக்காட்டும் வேலையும், ஒரு நீலக் கோட்டும், நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். “பழைய சாமானோட சாமானா என்னையும் எடுத்துத் தொடச்சு வெச்சுட்டாங்க” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இன்று கப்பலை மிதக்கவிட்டு வெளித்துறைக்கு இழுத்துப்போகப் போகிறார்கள். கரையெல்லாம் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று கதைக்காரருக்குத் தெரியும். அடித்தட்டில் நான்காவது தகட்டைப் பற்றவைத்தது அவர்தான். டாக் மூடிய கடைசி நாள், சாயங்காலம் எல்லோருக்கும் பிரிவு உபசாரம். “இது இனிமே தண்ணியப் பாக்கப் போவுதா? ஒரு ஓட்டம் போட்டு, மேல பெயின்ட அடிச்சுட்டு வாய்யா” என்றார் மேஸ்திரி. இரண்டு ஓட்டம், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை, பற்றவைக்கவேண்டிய விளிம்பு அது. இவர் ஒன்றே போட்டார். பெயின்ட் மட்டும் இரண்டு முறை அடித்தார்.

நேற்றே போய் டாக் மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தார். சொன்னால் வில்லை போகும் என்று தெரிந்துதான் போனார். டாக் மாஸ்டர் இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வயிறு குலுங்கச் சிரித்தார். “அண்ணே, போன வாரம் அடித்தட்டுல திமிங்கலம் குட்டி போட்டிருக்குன்னீங்க. இந்த வாரம் ஓட்டையா?” ஒன்பது வருடம் வாயால் சம்பாதித்த சம்பளம் முழுவதையும் அந்த ஒரு சிரிப்பில் திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது.

டிக்கெட் கவுன்டரை மூடிவிட்டு அவருடைய மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

“ஏங்க, ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?”

“நாலாவது தகட்டுல ஒரு ஓட்டந்தாம்மா போட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு அழுகையை வரவழைத்தது. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து, மதகருகே நின்ற டாக் மாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“தம்பி, இவரு பொய் சொல்லும்போது எடது கண்ணு சின்னதாவும். இருபத்தேழு வருஷமாப் பாக்கறேன். இப்பப் பாருங்க.”

டாக் மாஸ்டர் பார்த்தார். சிரிப்பு மெல்ல அவர் முகத்தைவிட்டு இறங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

“என் கூட்டம்?” என்றார் கதைக்காரர்.

“நான் பாத்துக்கறேன்” என்றாள் மனைவி. “தெனம் கவுன்டர் சுவரு வழியா கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். பொய்ய எடுத்துட்டுச் சொன்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். போங்க.”

கப்பலுக்குள் மூன்று ஏணி இறங்கவேண்டும். கடைசி ஏணியில் டாக் மாஸ்டர் டார்ச்சைப் போட்டார். தரைப் பலகையை நகர்த்திவிட்டு இருவரும் மண்டியிட்டார்கள். வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இரும்பு சொன்னது. உள்ளங்கையை வைத்த இடத்தில் குளிர் விரல் விரலாக மேலேறியது. தூரத்தில் எங்கோ ஒரு தகடு ‘டக்’ என்றது, தூக்கத்தில் நெட்டி முறிப்பதுபோல. பிறகு இன்னொன்று. லட்சம் பேருக்கு ஒன்பது வருடம் அக்குவேறு ஆணிவேறாக விளக்கிய கப்பலை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலிருந்தது கதைக்காரருக்கு. இவ்வளவு பெரிதா இது? இத்தனை நாளும் உயிரோடுதான் இருந்ததா?

பிறகு விளிம்பில் பெயின்ட் மெல்ல உப்பியது. வெடித்தது. தலைமுடி கனத்தில் ஒரு நீர்க்கோடு கசிந்து, தகட்டின் மேல் இடது பக்கமாக ஓடத் தொடங்கியது.

“இதத்தான் சொன்னீங்களா?”

“இதேதான்.”

டாக் மாஸ்டர் விரலால் தொட்டு, கசிவைக் கணக்கிடுவதுபோல உதட்டை அசைத்தார். “பம்பு தாங்கும்” என்றார். சற்றுக் கழித்து, “தாங்கலாம்” என்றார்.

இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. “சார், தண்ணி தொட்டியோட கழுத்து வரைக்கும் வந்தாச்சு. நிறுத்தணுமா, விடணுமா?”

“என்ன சொல்லட்டும்ணே?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் உண்மையைக் கேட்கிறார். “தெரியலியேப்பா” என்றார். “பெருசானா நானே சாக்க வெச்சு அழுத்திக்கிட்டு இங்கயே ஒக்காந்திருக்கேன். மேல வந்து சொல்லவும் தயார். யாருகிட்ட வேணா.”

டாக் மாஸ்டர் வயர்லெஸை வாயருகே கொண்டுபோனார். அப்போது காலுக்கடியில், ஒன்பது வருடம் கப்பலைத் தாங்கிய மரக்கட்டைகள் ஒவ்வொன்றாக முனகின. முனகல் முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை நடந்துபோய் நின்றது; கட்டைகளின் மேலிருந்த கனம் போய்விட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. மேலே அத்தனை கூட்டமும் ஒரே மூச்சை உள்ளிழுத்து வைத்திருப்பதுபோல ஓர் அமைதி.

டார்ச் வெளிச்சத்தில், இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்த நீர்க்கோடு தயங்கியது. நின்றது. யாரும் தொடாமல் மெதுவாகத் திரும்பி வலது பக்கமாக ஓட ஆரம்பித்தது.

வயர்லெஸ் மறுபடியும் கேட்டது. இருவரும் குனிந்தபடியே இருந்தார்கள். நீர்க்கோடு வலது ஓரத்தைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து, மீண்டும் இடது பக்கம் திரும்பியது.