ஆயுள் சான்று நாள்

அலுவலகத்தில் அவளுக்கு எமன் என்று பட்டப்பெயர். பென்ஷன் பாலிசி எடுத்தவர்கள் சராசரியாக எந்த வயதுவரை இருப்பார்கள், அதுவரை கொடுக்கக் கம்பெனி எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணித்து, ஆண்டுதோறும் அரசுக்குக் கையெழுத்திட்டு அறிக்கை தரும் ஆக்சுவரி அவள். அறிக்கை பொய்யென்றால் பறிபோவது அவள் உரிமம்.

இந்த ஆண்டு நிர்வாக இயக்குநர் ஒரு யோசனையோடு வந்தார். உறவில் அவர் அவளுக்குச் சித்தப்பா.

"எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கியே, எழுபத்திரண்டுன்னு போடேன். ஒதுக்கற பணம் குறையும், லாபம் ஏறும்."

"ஆறு வருஷத்தை எங்க கொண்டுபோய் விடறது சித்தப்பா?"

"வயசானவங்கம்மா. நாம பொய் சொல்லல. கொஞ்சம் அவசரப்படறோம், அவ்வளவுதான்."

"அரசு ஆய்வாளர் கேட்டா?"

"அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உன்னைப் படிக்கவச்சது யாரு?"

அவர்தான். அதைச் சொன்னால் அவள் வாய் அடைத்துப்போகும்.

வாய்தான் அடைத்தது. கை சும்மா இருக்கவில்லை. பென்ஷன்காரர்கள் ஆண்டுக்கொருமுறை நேரில் வந்து, உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அந்த நாளைக் குறிப்பது அவள் பிரிவு. ஆய்வாளர் வரும் நாளையே குறித்தாள். கீழ்த்தளத்தில் பெயிண்ட் வேலை என்று சொல்லி, இடத்தை இரண்டாம் மாடிக்கு மாற்றினாள். சித்தப்பாவின் அறை அங்கேதான்.

லிஃப்ட் இருந்தது. அதற்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதிப் பேர் படியேறினார்கள். நடுவில் சிக்கிய ஆய்வாளரை ஒரு கிழவர் முழங்கையால் ஒதுக்கினார்.

"வரிசையில வாம்மா. சின்னப் பொண்ணு, உனக்கென்ன அவசரம்?"

ஆய்வாளருக்கு ஐம்பத்தைந்து வயது.

மேலே ஒரு கிழவி குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "போன வருஷமும் உயிரோட இருக்கியான்னுதான் கேட்டே. வேற கேள்வியே தெரியாதா உனக்கு?"

ஆய்வாளர் சித்தப்பாவின் அறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். சித்தப்பா தண்ணீர் நீட்டினார்.

"யார் சார் இவங்கள்லாம்?"

"எங்க பென்ஷன்காரங்க!" பெருமையாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் மேசைமேல் இருந்த, எழுபத்திரண்டு என்று போட்ட அறிக்கையைப் புரட்டினார். "இதன்படி இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தாச்சே. அப்போ என்னை இடிச்சுட்டு ஏறினவர் யாரு?"

ஆய்வாளர் அறிக்கையை, அருகில் நின்ற அவள் பக்கம் தள்ளினார். "உங்க கையெழுத்து இன்னும் விழலையே. போடறீங்களா?"

சித்தப்பாவின் கண்கள் அவளைப் படிக்கவைத்த கதையை மறுபடி சொல்லின.

"எழுபத்தெட்டுன்னா போடறேன் மேடம்."

"அப்படின்னா திருத்திப் போடுங்க" என்று எழுந்தார் ஆய்வாளர். போகும்போது லிஃப்டில் போனார்.

கதவு சாத்தியதும் சித்தப்பா உறுமினார். "இந்த நாளைக் குறிச்சது யாரு?"

"நான்தான்."

"நன்றிகெட்டவளே!"

"வர்ற மாசம் உங்களுக்கு எழுபத்திரண்டு முடியுது சித்தப்பா" என்றாள் எமன். "எனக்கு அவசரமே இல்ல."