முக்குக்கு ஒரு வாசல்

அம்மன் திருவிழாவுக்குக் காவிரியில் மொண்ட தீர்த்தக்குடங்களைத் தலையில் சுமந்துவந்த பெண்கள் பாவடி வீதி முக்குக்கு வந்ததும், முன்னால் போன பம்பைக்காரர்கள் உள்ளே திரும்பாமல் நேராகப் போய்விட்டார்கள். வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, குடம் சுமப்பவர்களின் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்த் தவலையோடு நின்றிருந்த மலர்விழிக்கு ஆத்திரமாக வந்தது. குமாரபாளையத்தில் வேறு எந்த வீதிக்கும் இல்லாத தலையெழுத்து இந்த வீதிக்கு மட்டும் என்ன வந்தது? கோயிலுக்கு வரி கட்டாத வீடு ஒன்று உண்டா இங்கே? தவலையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், விழாக்குழுத் தலைவர் சென்னியப்பனை நடுரோட்டில் மறித்தாள்.

"ஏனுங்ண்ணா, எங்க வீதியில மனுசங்க குடியில்லீங்களா? வருசா வருசம் இப்படியே தாண்டிப் போனா எப்படீங்க?"

"கோவிச்சுக்காத அம்மிணி. எல்லாம் வெறுங்கால்ல வர்ற பொம்பளைங்க. உங்க முக்குல எங்க கால வெப்பாங்க, நீயே சொல்லு. அதச் சுத்தம் பண்ணுங்க, அடுத்த வருசம் பாக்கலாம்."

பெரிய மனிதர்கள் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்றுதான் அர்த்தம். ஆனாலும் அவர் சொன்னதில் பொய்யில்லை. முக்கில் இடுப்பளவு கிடந்தது குவியல். பால் கவர், ஷாம்பு பாக்கெட், பரோட்டாக் கடைச் சால்னாப் பை, தறிக்கு வரும் நூல் கோன்களின் உறை. அவள் வீட்டு மாவுக் கவரும் அதில்தான் கிடந்தது.

இந்த வீதிப் பெண்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விடிவதற்குள் எல்லா வாசலும் பளிச்சென்று இருக்கும். அவரவர் வாசலுக்கு அப்பால் தள்ளியதெல்லாம் உருண்டு திரண்டு முக்குக்குப் போய்ச் சேரும். முக்கு யார் வாசலும் இல்லையே! குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி நகராட்சி கொடுத்த தொட்டிகளில் ஒரு வீட்டில் அரிசி இருந்தது, இன்னொரு வீட்டில் கோழி அடைகாத்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வண்டியில் வரும் பாட்டு குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். பாட்டு நன்றாக இருக்கிறது என்பதோடு சரி.

"சாமியக் கொண்டாந்து வெச்சா எவனும் போட மாட்டான் புள்ள" என்றான் மலர்விழியின் கணவன் தனபால். ஊரெல்லாம் செய்கிற வழிதான். முக்கைக் கூட்டி அள்ளிவிட்டு, செங்கல் மேடை கட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்தார்கள். வீதியே திரண்டு வந்து கும்பிட்டது. கும்பிட வந்தவர்கள் சும்மா வரவில்லை. அபிஷேகத்துக்குப் பால் பாக்கெட், கற்பூரக் கவர், பூ வாங்கிய பை, பொங்கல் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணம் என்று கொண்டுவந்து, எல்லாவற்றையும் பயபக்தியோடு அங்கேயே விட்டுப் போனார்கள். தை பிறப்பதற்குள் பிள்ளையார் கழுத்துவரை மூழ்கிவிட்டார். திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. மலர்விழி தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்து, தறிச்சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதாள்.

அழுது முடித்தபின் அவளுக்குக் கோபம்தான் மிச்சமிருந்தது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு அவரைக் கோயில் அரசமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். குப்பை வண்டி ராசுவோடு சேர்ந்து புருசனும் பெண்டாட்டியும் முக்கை வழித்தெடுத்தார்கள். மறுநாள் விடியலில் அவள் தன் வாசலை விட்டுவிட்டு, சாணித் தண்ணீரோடு முக்குக்குப் போய்த் தெளித்துக் கோலம் போட்டாள். அவ்வளவுதான். கையில் பையோடு வந்தவர்கள் கோலத்தைப் பார்த்து நின்றார்கள். குனிந்து பார்த்தார்கள், சுற்றுமுற்றும் பார்த்தார்கள், பையோடு திரும்பிப் போனார்கள். பிள்ளையார் முன்னால் போட்டவர்களுக்கு ஒரு பெண் போட்ட கோலத்தின்மேல் போட மனம் வரவில்லை.

எதிர்வீட்டுப் பாப்பாயி மட்டும் போகவில்லை. வீதியிலேயே பெரிய பை அவளுடையது, பெரிய வாயும்.

"ஏ மலரு, உன்ற வாசல் அங்கிருக்குது. இங்க எதுக்குக் கோலம்?"

"இன்னிக்கு இது என்ற வாசலுங்க்கா. நாளைக்கு உங்குளுது. முறை போட்டுக்கலாம். உங்குளுக்கு முடியாட்டிச் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்."

பாப்பாயியிடம் முடியாட்டி என்று சொல்லலாமா? மறுநாள் முக்கை அடைத்துக்கொண்டு தேர்க்கோலம் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் முக்காலி போட்டு அவளே உட்கார்ந்திருந்தாள். பான்பராக் கவரை வீசப் போன சொந்தப் புருசனை அவள் விரட்டிய விரட்டில் அந்த மனிதர் பவானிப் பாலம் வரைக்கும் ஓடியிருப்பார். அதைக் கேள்விப்பட்டு அடுத்த வீட்டுக்காரி கலர்ப்பொடி வாங்கினாள். முறை வந்த வீட்டுக்கு அன்றைக்கு முக்கு சொந்த வாசல். சொந்த வாசலில் அடுத்தவள் குப்பையை எவள் பொறுப்பாள்?

போட இடமில்லாததால் பிளாஸ்டிக் வீட்டுக்குள்ளேயே தங்கியது. தங்கினால் பால் கவர் நாறும். நாறாமல் இருக்கக் கழுவிக் கொடியில் மாட்டினார்கள், காய்ந்ததைப் பழைய நூல் சாக்கில் போட்டுக் கட்டி ராசுவிடம் கொடுத்தார்கள். உருக்கிக் குழாய் செய்யப் போகிறது என்றான் ராசு. நல்லது என்றார்கள். குழாய்க்காக இதையெல்லாம் செய்ததாக அந்த வீதியில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

திருவிழாவன்று தறிகளை நிறுத்திவிட்டு வீதியே வாசலில் நின்றது. பம்பைச் சத்தம் முக்குக்கு வந்து நின்றது. சென்னியப்பன் குனிந்து கோலத்தைப் பார்த்தார், நிமிர்ந்து வீதியைப் பார்த்தார். அவர் கையைத் தூக்கி உள்ளே காட்டினார்.

குலவை எங்கே எழுந்தது என்று தெரியவில்லை, வீதி முழுக்க இருந்தது. ஈரச்சேலையும் வேப்பிலையுமாகக் குடங்கள் வரிசையாகத் திரும்பின. வெறுங்கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. மலர்விழி ஊற்றினாள், கண்ணைத் துடைக்காமல் ஊற்றினாள். ஜெயித்துவிட்டோம் என்று கத்தவேண்டும் போலிருந்தது, கத்தினாள். மேளத்தில் அது குலவையோடு குலவையாகப் போயிற்று.

வெயிலில் களைத்துவந்த சென்னியப்பன் ஒரு தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சினார். காலியானதும், காலங்காலமாகப் பழகிய கை தானாகவே பக்கவாட்டில் நீண்டு விரல்களை விரித்தது. பாக்கெட் தரையைத் தொடவில்லை. ஒரு கையால் அம்மன் குடத்துக்காரியின் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், மறு கையை அதற்கு அடியில் நீட்டியிருந்தாள் பாப்பாயி.